நம்பிக்கை இல்லாத மாணவர் கத்தோலிக்கக் கல்லூரியில் சேரலாமா? செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ப்ளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கமிருந்து வாசகர்கள் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான். பிள்ளைக்கு மார்க் இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப்ஸோ சென்னை லயோலாவோ கிடைக்கலாம். ஆனால் பிள்ளைக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. பிள்ளையார்பட்டிக்கே கூட வருவதில்லை. ஃபாதர்கள் நடத்தும் கல்லூரியில், அதுவும் விடுதியில் மூன்று வருடம் சேர்த்தால் ஒத்துவருமா? உள்ளூர் அரசுக் கல்லூரியே போதாதா? பெங்களூருக்கு அனுப்பலாமா?

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கல்லூரிகளில் மதத்துக்காக மாணவர் செலவிடும் நேரம் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடக் குறைவு. விடுதி ஒழுங்குக்கும் வருகைப்பதிவுக்கும் கொடுக்க வேண்டிய விலை அதைவிட மிக அதிகம். அதனால் "கத்தோலிக்கம்" என்ற பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், எந்தத் துறை, அரசு உதவி பெறும் பிரிவா சுயநிதிப் பிரிவா, விடுதியா வீடா என்ற மூன்றையும் பார்த்து முடிவெடுங்கள்.

## முதலில் அளவுகோல்கள்

கட்டாயம் எவ்வளவு? இதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். திருப்பலி போன்ற வழிபாடு ஒன்று. வகுப்பு தொடங்கும்போது ஒலிபெருக்கியில் வரும் செபம், விழாவில் குத்துவிளக்கோடு சேரும் பாடல் போன்ற பொதுச் சடங்கு இரண்டாவது. பாடத்திட்டத்தில் இருக்கும் நன்னெறி வகுப்பு மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் வாக்குவாதம் முடிவதே இல்லை.

துறையும் பட்டமும். தமிழ்நாட்டில் நாம் பேசும் கத்தோலிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் கல்லூரிகள்தான். லயோலாவில் படித்தால் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். திருச்சி செயின்ட் ஜோசப்ஸில் பாரதிதாசன். மதுரை பாத்திமாவிலும் கருமாத்தூர் அருளானந்தரிலும் காமராசர். பெங்களூரு கிறைஸ்ட் 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. தன் பட்டத்தைத் தானே தருகிறது.

இடம் கிடைக்குமா? சிறுபான்மை நிறுவனத்தில் கத்தோலிக்க மாணவருக்கு முன்னுரிமை உண்டு. மிச்ச இடங்களுக்குத்தான் மற்றவர்கள் போட்டி போடுகிறார்கள்.

மொத்தச் செலவு. கல்லூரிக் கட்டணம் அதில் ஒரு பகுதிதான். விடுதி, மெஸ், வைப்புத்தொகை, முகாம், பயணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள்.

ஒழுங்கு. வெளியே போகும் அனுமதி, செல்போன், உடை, வருகைப்பதிவு.

## சட்டம் என்ன சொல்கிறது

அரசமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் எவரையும், அவருடைய சம்மதம் இல்லாமல் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. மாணவர் 18 வயது ஆகாதவர் என்றால் சம்மதம் கொடுக்க வேண்டியவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். முதலாண்டில் சேரும் பிள்ளைகள் பலருக்கும் வயது 17தான். ஆகவே விடுதிப் படிவத்தில் நீங்கள் போடும் கையெழுத்துக்குக் கனம் அதிகம். இதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

30(1)ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் நிறுவனத்தைத் தொடங்கி நடத்தும் உரிமையைத் தருகிறது. கல்லூரியில் சிற்றாலயம் இருப்பது, பாதிரியார் முதல்வராக இருப்பது, கிறிஸ்துமஸ் விழா நடப்பது எல்லாம் அந்த உரிமைக்குள் வரும். அவற்றை எதிர்த்து வாதிட்டுப் பயனில்லை. உங்கள் பிள்ளை அவற்றில் பங்கேற்கக் கட்டாயமில்லை என்பதுதான் உங்களுக்குள்ள உரிமை.

திருச்சபையின் சொந்த விதியும் இதற்கு எதிரானதில்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக இரண்டாம் ஜான் பால் 1990இல் வெளியிட்ட சட்டம், ஒவ்வொருவரின் மனச்சான்றின் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்று எழுத்திலேயே சொல்கிறது. வார்டனிடம் பேசும்போது அரசமைப்புச் சட்டத்தை நீட்டுவதைவிட இதை நினைவூட்டுவது பேச்சைச் சுமுகமாக வைத்திருக்கும்.

## ஒரு பார்வையில்

| | காரைக்குடி அரசுக் கல்லூரி | தேவகோட்டை, சருகணி கத்தோலிக்கக் கல்லூரி (வீட்டிலிருந்து) | திருச்சி, மதுரை, சென்னை தன்னாட்சிக் கல்லூரி (விடுதி) | பெங்களூரு நிகர்நிலை |
|---|---|---|---|---|
| வழிபாட்டுக் கட்டாயம் | இல்லை | இல்லை | இல்லை. விடுதிச் செபத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் | இல்லை |
| நன்னெறி வகுப்பு | உண்டு | உண்டு | உண்டு, கூடுதல் நேரம் | உண்டு |
| ஆண்டுக் கட்டணம் | மிகக் குறைவு | நடுத்தரம் | உதவி பெறும் பிரிவில் குறைவு, சுயநிதியில் பத்தாயிரங்களில் | லட்சக்கணக்கில் |
| மறைமுகச் செலவு | மிகக் குறைவு | பஸ் | விடுதி, முகாம், வைப்புத்தொகை | விடுதி, பயணம், உடை |
| ஒழுங்கு | தளர்வு | நடுத்தரம் | விடுதியில் கடுமை | வருகைப்பதிவில் மிகக் கடுமை |

## வழி 1: காரைக்குடியிலேயே அரசுக் கல்லூரி

அழகப்பா அரசு கலைக் கல்லூரி 1947இல் வள்ளல் அழகப்பச் செட்டியார் தொடங்கியது. வீட்டுச் சாப்பாடு, குறைந்த கட்டணம், பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வேதியியல் படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சூழல் வேறு ஊரில் எளிதில் அமையாது. ஒற்றைச் சாளர இணைய விண்ணப்பம் என்பதால் பதிவுச் செலவும் நூறு ரூபாயைத் தாண்டாது.

இடஒதுக்கீட்டுக் கணக்கை இங்கே கவனிக்க வேண்டும். 69 சதவீத ஒதுக்கீடு போக, பொதுப் பிரிவுக்கு 31 சதவீதம். நகரத்தார் பிள்ளைகள் பொதுப் பிரிவில் வருவதால் பி.காம் போன்ற துறைகளில் கட்-ஆஃப் மிக உயரத்தில் நிற்கும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சமூகப் பிள்ளைகளுக்கு நிலைமை நேர்மாறு. இங்கே ஒதுக்கீடு உறுதி. சிறுபான்மைக் கல்லூரியை அந்த 69 சதவீதம் கட்டுப்படுத்தாது. ஒரே மார்க் வைத்திருக்கும் இரண்டு நண்பர்களில் ஒருவருக்கு அரசுக் கல்லூரியும் மற்றவருக்கு லயோலாவும் கிடைப்பது இதனால்தான்.

மதம் பற்றி ஒரு விஷயம். அரசுக் கல்லூரி என்றால் மதமே இல்லாத இடம் என்று எண்ணிச் சேர்ந்தால் ஏமாற்றம்தான். ஆயுதபூசை வந்தால் எந்த ஊர் ஆய்வகத்திலும் கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை கொடுப்பது நம் வழக்கம். நன்னெறிப் பாடமும் இங்கே உண்டு. தமிழ்நாட்டு இளநிலைப் பாடத்திட்டத்தில் பகுதி IVஇல் விழுமியக் கல்வியும், பகுதி Vஇல் விரிவாக்கப் பணியும் எல்லாக் கல்லூரிக்கும் பொது. "அந்த வகுப்பே வேண்டாம்" என்பதற்காக அரசுக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

மறைந்திருக்கும் விலை: காலிப் பணியிடங்கள், நடக்காத வகுப்புகள், தானே படித்துக்கொள்ள வேண்டிய நிலை. தன்னொழுக்கம் உள்ள பிள்ளைக்கு அதுவே பெரிய சுதந்திரம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கு இதைவிட வசதியான வழி கிடையாது. யாராவது பின்னால் நின்று தள்ள வேண்டும் என்ற பிள்ளைக்கு மூன்று வருடம் கைநழுவிப் போய்விடும்.

## வழி 2: தேவகோட்டை அல்லது சருகணி, தினமும் போய்வருதல்

கத்தோலிக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. போர்த்துக்கீசியக் குரு ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் கொல்லப்பட்டது 1693இல். தேவகோட்டையில் சேசு சபை (ஜெசூட் துறவியர்) நடத்தும், அவர் பெயர் தாங்கிய தே பிரித்தோ பள்ளியில் படித்த இந்துக் குடும்பத்துப் பெரியவர்களை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கலாம். இதே பகுதியில் தேவகோட்டை ஆனந்தா கல்லூரி, பெண்களுக்குச் சருகணி இதயா மகளிர் கல்லூரி இரண்டும் அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பட்டம் அரசுக் கல்லூரியில் கிடைக்கும் அதே பல்கலைக்கழகப் பட்டம்தான்.

வீட்டிலிருந்து போய்வரும் நம்பிக்கையற்ற மாணவருக்கு மிகக் குறைந்த உரசல் உள்ள கத்தோலிக்க வழி இதுதான். மாலை பஸ் ஏறிவிட்டால் விடுதிச் செபம், ஞாயிறு திருப்பலி எதுவும் அவர் வாழ்க்கையில் குறுக்கிடாது. காலையில் ஒரு நிமிடச் செபம், ஆண்டுத் தொடக்க விழா, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, அவ்வளவோடு முடிந்துவிடும்.

குறைகளும் உண்டு. துறைகள் குறைவு. நூலகமும் ஆய்வகமும் பெரிய கல்லூரி அளவுக்கு இராது. நிறுவனங்கள் வேலைக்கு ஆளெடுக்க வருவதும் அரிது. கட்டணம் அரசுக் கல்லூரியைவிடக் கூடுதல். பஸ் நேரத்தை முதலிலேயே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் வகுப்பு போய்விடும், அது அப்படியே வருகைப்பதிவில் இடிக்கும். பெண் பிள்ளையை வெளியூர் அனுப்ப வீட்டில் தயக்கம் இருந்து, அரசுக் கல்லூரியில் வேண்டிய துறையும் கிடைக்கவில்லை என்றால் இந்த வழி சரியாகப் பொருந்தும். அந்த நிலை இல்லாதபோது இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல எங்களிடம் வலுவான காரணம் இல்லை.

## வழி 3: திருச்சி, மதுரை, சென்னை, தன்னாட்சிக் கல்லூரி, விடுதி

பெரும்பாலோர் தவிப்பது இந்த வழியில்தான், எனவே இதை நிதானமாகப் பார்ப்போம்.

ஆண்களுக்கும் இருபாலருக்கும் திருச்சி செயின்ட் ஜோசப்ஸ் (1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்தது), சென்னை லயோலா (1925). பெண்களுக்குத் திருச்சி ஹோலி கிராஸ் (1923), சென்னை ஸ்டெல்லா மேரிஸ் (1947), மதுரை பாத்திமா (1953). மதுரை அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக்கும் கிறிஸ்தவக் கல்லூரிகள்தான், ஆனால் கத்தோலிக்கம் அல்ல. அவற்றின் நிர்வாகமும் வழக்கமும் வேறு, இந்த ஒப்பீட்டை அப்படியே அங்கே பொருத்தாதீர்கள்.

பாடம். பாடத்துக்குள் மதம் நுழையுமோ என்று அஞ்சத் தேவையில்லை. பரிணாமக் கொள்கை முழுதாகவே நடத்தப்படும். கத்தோலிக்கத் திருச்சபை அதை எதிர்ப்பதில்லை. பெருவெடிப்புக் கொள்கையை முதலில் முன்வைத்த லெமெத்ரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். செயின்ட் ஜோசப்ஸின் ராபினா ஹெர்பேரியத்தில் (உலர்தாவரத் தொகுப்பு) இருந்துதான் தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெரும் ஆய்வு வந்தது. அதைச் செய்த கே.எம். மாத்யூ சேசு சபைக் குரு. ராமேஸ்வரத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையான அப்துல் கலாம் இயற்பியல் படித்ததும் இந்தக் கல்லூரியில்தான்.

நன்னெறி வகுப்பு. பல கல்லூரிகளில் வழக்கம் இது: வாரத்தில் ஒரு மணி நேரம் கத்தோலிக்க மாணவர்கள் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்கள் அறநெறி வகுப்பில் உட்காருவார்கள். அறநெறிப் பாடத்தில் தனிமனித ஒழுக்கம், சமூகநீதி, குடும்பம், பல மதங்கள் பற்றிய அறிமுகம் என்று வரும். தேர்வும் உண்டு, மதிப்பும் உண்டு. அதில் தேறாவிட்டால் பட்டம் நிற்கும். சேரும்போது "இரண்டில் எது?" என்று கேட்கும் படிவத்தைக் கவனியுங்கள். கூட்டத்தில் யாராவது தவறாக டிக் செய்துவிட்டால் ஒரு பருவம் முழுக்க வேறு வகுப்பில் உட்கார நேரும்.

கிராமப் பணி. செயின்ட் ஜோசப்ஸில் "ஷெப்பர்ட்", லயோலாவில் சேவைவழிக் கற்றல். சனிக்கிழமைகளில் கிராமத்துக்கோ சேரிப் பகுதிக்கோ போய்க் கணக்கெடுப்பு, பிள்ளைகளுக்குப் பாடம், முகாம். இதில் மதம் கிடையாது, உழைப்பு உண்டு. மணிக்கணக்கு குறைந்தால் பகுதி V முடியாமல் பட்டம் தாமதமாகும். நம்பிக்கையற்ற மாணவர்கள் பலர் இந்தக் கல்லூரிகளோடு நெருக்கமாவது இந்த வேலையில்தான். சாதியையும் நிலத்தையும் பற்றி வெளிப்படையாகப் பேசும் மேடை வேறு கல்லூரியில் அரிது. அய்க்கஃப் என்ற கத்தோலிக்க மாணவர் இயக்கத்துக்குள்கூட மற்ற மாணவர்கள் சேர்ந்து சமூக வேலை செய்வதுண்டு.

விடுதி. சிக்கல் வந்தால் இங்கேதான் வரும். சேசு சபை விடுதிகளிலும் சிஸ்டர்கள் நடத்தும் விடுதிகளிலும் நாள் மணியடித்துத்தான் நகரும்: காலை எழுப்பும் மணி, கத்தோலிக்கர்களுக்குத் திருப்பலி, மாலைப் படிப்பு நேரம், இரவுச் செபம், வருகைக் கணக்கெடுப்பு, விளக்கணைப்பு. திருப்பலிக்கு மற்றவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. உரசல் வருவது இரவுச் செபத்தில்தான். பல விடுதிகளில் செபமும் வருகைக் கணக்கும் ஒரே அரங்கில், ஒரே பத்து நிமிடத்தில் நடக்கும். செபத்தைத் தவிர்க்கிறேன் என்று அறையில் இருந்தால் பதிவேட்டில் "இல்லை" என்று விழும். அடுத்த வாரம் வீட்டுக்குப் போன் வரும்.

இதற்குத் தீர்வு எளிது, ஆனால் சேருவதற்கு முன் செய்ய வேண்டும். வார்டனிடம் நேரடியாகக் கேளுங்கள்: "ஃபாதர், இரவுச் செபத்தின்போது மற்ற மாணவர்கள் எங்கே இருப்பார்கள்? கணக்கெடுப்பு தனியாக நடக்குமா?" செபம் முடிந்தபின் வந்து பதிவு செய்ய இடம்கொடுக்கும் விடுதிகள் உண்டு. அமைதியாக உட்கார்ந்தால் போதும் என்று சொல்பவை உண்டு. "எல்லாரும் பாடத்தான் வேண்டும்" என்ற பதில் வந்தால் அந்த விடுதியை விட்டுவிட்டு வெளியே அறை தேடுவது மேல்.

எங்கள் கருத்து, பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருப்பதால் எந்தக் கொள்கையும் கெட்டுவிடாது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் பிள்ளை. அவருக்கு அது முடியாது என்றால் வீட்டார் அதை மதிக்க வேண்டும்.

படிவத்தில் ஒரு வரி. விடுதி உறுதிமொழிப் படிவத்தில் இப்படி ஒரு வரி வரக்கூடும்: "விடுதியின் செபம், தியானம், பொது நிகழ்ச்சிகள் அனைத்திலும் என் மகன் / மகள் தவறாமல் கலந்துகொள்வார்." கீழே பெற்றோர் கையெழுத்து. 28(3)இல் சொல்லும் சம்மதத்துக்கு எழுத்துச் சான்றாக இதுவே ஆகிவிடும். "அனைத்திலும்" என்ற சொல்லுக்கு மேல் "சமய வழிபாடு நீங்கலாக" என்று பேனாவால் எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பணம் கட்டுவதற்கு முன் வார்டனுக்குக் காட்டுங்கள். சேர்ந்த பிறகு காட்டினால் ஏமாற்று வேலையாகத் தெரியும். "தியானம்" என்பது இங்கே யோகா தியானம் இல்லை. இரண்டு மூன்று நாள் நடக்கும் மறையுரை, செபம், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை). கத்தோலிக்கரல்லாதவர்களுக்கு அந்த நாட்களில் தனியாக ஆளுமைப் பயிற்சி வைப்பதுண்டு. அதற்கு வருகைப்பதிவும் எடுப்பார்கள் என்பதால் அந்த நாட்களில் ஊருக்குப் புறப்பட்டுவிடாதீர்கள்.

பெண்கள் விடுதி. சிஸ்டர்கள் நடத்தும் விடுதியில் பார்வையாளர் அட்டையில் புகைப்படம் ஒட்டியவர்கள் மட்டுமே பிள்ளையைப் பார்க்கவோ அழைத்துப்போகவோ முடியும். அப்பத்தாவும் சித்தப்பாவும் அட்டையில் இல்லை என்றால் காரைக்குடியில் இருந்து போனாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். சேரும் நாளிலேயே எல்லாருடைய படத்தையும் கொண்டுபோங்கள். செல்போன் நேரம், மாதத்தில் எத்தனை ஞாயிறு வெளியே விடுவார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம்பிக்கையற்ற மாணவிகள் வருத்தப்படுவது பெரும்பாலும் செபத்தால் இல்லை, இந்த விதிகளால்தான்.

பிரிவு. அரசு உதவி பெறும் பிரிவு பெரும்பாலும் காலை ஷிப்ட். கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். சுயநிதிப் பிரிவு பெரும்பாலும் பிற்பகல் ஷிப்ட், கட்டணம் பல மடங்கு. ஒரே கட்டடம், ஒரே பட்டம். விண்ணப்பத்தில் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பிற்பகல் ஷிப்ட் முடிந்து இரவில் திரும்புவதும், தினமும் நான்கு மணி நேரப் பயணமும் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது. சென்னை என்றால் காலையில் புறப்படும் பல்லவன் ரயில் வசதி, ஆனால் பண்டிகை வாரத்தில் முன்பதிவு திறந்த நாளே டிக்கெட் எடுக்க வேண்டும்.

மறைமுகச் செலவு. திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை, கிடைக்காத சேர்க்கைத் தொகை இரண்டையும் ரசீதில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மெஸ்ஸில் நிரந்தரக் கட்டணமா, மாதச் செலவை ஆளுக்குப் பங்கிடும் முறையா என்று பாருங்கள். பங்கீட்டு முறையில் விடுமுறைக்கு முந்தைய மாதம் தொகை ஏறும். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துக்கும் விடுதி மூடப்பட்டால் போகவர இரண்டு பயணம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சில மெஸ்களில் கவிச்சி கிடையாது.

இடம். நம்பிக்கை பற்றி யாரும் கேட்பதில்லை. பங்குத்தந்தையின் கடிதம் கத்தோலிக்க மாணவருக்கு மட்டும்தான், உங்களுக்கு வேண்டியதில்லை. "ஃபாதரிடம் சொல்லி சீட் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை அன்றே கைகழுவுங்கள். விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். மாற்றுச் சான்றிதழிலும் சாதிச் சான்றிதழிலும் என்ன இருக்கிறதோ அதையே எழுதுங்கள். முரண்பட்டால் உதவித்தொகை விண்ணப்பம் நின்றுவிடும். பட்டியல் சாதி நிலை மதத்தோடு சட்டப்படி கட்டப்பட்டிருப்பதால் அந்தப் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கட்டம் வெறும் பதிவுக்குத்தான், நம்பிக்கை வாக்குமூலமாகாது.

"மதம் மாற்றிவிடுவார்களா?" ஆச்சிமார் கேட்கும் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட வேண்டாம். திருச்சபைச் சட்டப்படி வயது வந்தவர் தாமே விரும்பிக் கேட்டு, மறைக்கல்வி பயின்ற பிறகே திருமுழுக்கு தர முடியும். கல்லூரி நிர்வாகம் பிள்ளையைத் துரத்தாது. அழைப்பு வந்தால் அறைத்தோழர்களிடமிருந்து, செபக்குழுக்களிடமிருந்து வரலாம். ஒருமுறை தெளிவாக "வேண்டாம்" என்று சொன்னால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்; நிற்காவிட்டால் வார்டனிடம் சொன்னால் அறை மாற்றித் தருவார்.

எது கிடைக்காது? கல்லூரி மேடையிலோ மலரிலோ மதத்தைக் கடுமையாக விமர்சிக்கும் இடம். பகுத்தறிவு மன்றம் ஒன்றைக் கல்லூரிப் பெயரில் தொடங்க அனுமதி எதிர்பார்க்க வேண்டாம். கருத்தடை, கருக்கலைப்பு போன்ற பொருள்களில் திருச்சபை நிலைப்பாட்டுக்கு எதிரான நிகழ்ச்சிக்கும் அனுமதி கிடைப்பது கடினம். அதுதான் தன் உயிர்மூச்சு என்றிருக்கும் மாணவருக்கு அரசுக் கல்லூரி பொருத்தம். நல்ல ஆசிரியர், நல்ல நூலகம், வேலைவாய்ப்பு, வாதாடத் தெரிந்த நண்பர்கள் வேண்டும், மற்றதை ஓரமாக வைத்துக்கொள்வேன் என்பவருக்கு இந்த நான்கில் இதுவே முதல் தேர்வு; அதிலும் உதவி பெறும் பிரிவு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

## வழி 4: பெங்களூரு

கிறைஸ்ட் பல்கலைக்கழகம் 1969இல் கேரளத்தைச் சேர்ந்த சி.எம்.ஐ. என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்தது. பல மாநிலப் பிள்ளைகள், பல மதத்தினர், ஆங்கிலச் சூழல். மதம் இங்கே சாயலாகத்தான் தெரியும். ஆனால் வருகைப்பதிவுக் கணக்கு நம் கல்லூரிகளின் 75 சதவீதத்தைவிட உயரத்தில், 85 சதவீதத்தில் நிற்கிறது. உடை விதியும் கண்டிப்பானது. குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கு நான்கு நாள், ஊர்க் கல்யாணத்துக்கு மூன்று நாள் என்று விடுப்பு எடுக்கப் பழகிய வீட்டுக்கு இது ஒத்துவராது.

கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து மூன்று வருடத்தில் மற்ற மூன்று வழிகளையும் பல மடங்கு மிஞ்சும். மேலாண்மை, சட்டம், உளவியல் போன்ற துறைகளில் குறிப்பாக அந்தப் படிப்பையே குறிவைத்திருக்கும் பிள்ளைக்கு, கடன் வாங்காமல் கட்டமுடிந்த குடும்பத்துக்கு இது நல்ல வழி. சாதாரண பி.காம், பி.எஸ்சிக்காக இவ்வளவு செலவு செய்வது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

இங்கே நடக்கும் பெரிய தவறு நாள்கணக்கில். நுழைவுத்தேர்வும் நேர்காணலும் ப்ளஸ் டூ முடிவுக்கு முன்பே நடந்து, கட்டணத்தைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். மே மாதத்தில் லயோலாவோ செயின்ட் ஜோசப்ஸோ கிடைத்தால் கட்டிய பணம் என்னாகும்?

## பணம் கட்டும் முன்

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இல் வெளியிட்ட விதிப்படி, அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுத்தொகை, அதில் 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து 15 நாள்வரை 80 சதவீதம், 16 முதல் 30 நாள்வரை 50 சதவீதம், அதன்பின் எதுவும் கிடையாது. அந்தந்த ஆண்டுக்கு யு.ஜி.சி. வேறு தேதி அறிவித்திருக்கிறதா என்றும் பாருங்கள். விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஒரே நாளில் அனுப்புங்கள். நாள் கணக்கு கடிதம் போய்ச் சேர்ந்த தேதியில் தொடங்கும் என்று வாதிடுவார்கள்.

விடுதிக் கட்டணம் தனி ரசீதில் இருந்தால் அதன் திருப்பித்தரும் விதியைத் தனியாக எழுத்தில் கேளுங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே யு.ஜி.சி. விதியில் உண்டு. ஆனால் மாற்றுச் சான்றிதழைப் பொதுவாக வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால், எந்தக் கல்லூரி என்று உறுதியாகும்வரை பள்ளியிலிருந்து அதை வாங்காமல் வைத்திருங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் கொடுக்கும் முன் நான்கு நகல் எடுத்து ஒப்பமிட்டு வையுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளை என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். கத்தோலிக்கக் கல்லூரியில் சேர்ந்தாலும் அதற்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரைப் பாருங்கள். ஆதார் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரிலேயே இருக்க வேண்டும்.